மாறுவேடப் போட்டியில் ஒரு யூதக் குழந்தை

நாங்கள் தோஹாவில் இருந்த வருடங்களில், மகளின் பள்ளியில் மாறுவேடப் போட்டி என்றால் காய்கறிதான். நஜ்மா பகுதியில் எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரே தக்காளி உடையை வருடா வருடம் கைமாற்றிக்கொண்டன. மேடையேறி, "நான் தக்காளி, என்னிடம் வைட்டமின் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு இறங்கினால் முடிந்தது. யாருடைய விசாவும் ரத்தாகாது.

ஒன்பது வயதில் என் மகள் தக்காளியாக மறுத்தாள். பள்ளி நூலகத்திலிருந்து ஒரு கதைப்புத்தகம் கொண்டுவந்திருந்தாள். ஐரோப்பாவில் போர் நடந்தபோது ஒரு யூதச் சிறுமி, அப்பா, அம்மா, கைக்குழந்தைத் தம்பி ஆகியோருடன் ஒரு விவசாயியின் உருளைக்கிழங்குக் கிடங்கில் ஒளிந்து உயிர்பிழைத்த கதை.

"நான் அந்தப் பொண்ணா போறேன்ப்பா. ஐ ஆம் எ ஜூயிஷ் சைல்ட்னு ஸ்டார்ட் பண்ணுவேன்."

நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். இதை எழுதும்போதும் என் கண் ஜன்னல் பக்கம் போகிறது.

அந்த நாட்களில் டிவியைப் போட்டால் பாலஸ்தீனத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும். என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டார். பயப்பட எனக்கு இது போதாதா? மகள் மேடையில் வாயைத் திறக்கிறாள். மறுநாள் மூவரும் சென்னை விமானத்தில்.

"ஏம்மா, கேரட்டுக்கு என்ன குறைச்சல்?" என்றேன்.

"கேரட்டுக்குக் கதையே இல்லையேப்பா."

"சரி, ஒளிஞ்சிருந்த பொண்ணுன்னு மட்டும் சொல்லு. யாருன்னு சொல்லாத."

"சொல்லலேன்னா எதையோ திருடிட்டு ஒளிஞ்சிருக்காங்கன்னு எல்லாரும் நினைப்பாங்க. அவங்க எந்தத் தப்பும் பண்ணலப்பா."

மனைவியைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குறீங்க? ஆபீஸ்ல உங்களுக்குப் பேசத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியுது."

பேரம் பல நாள் நடந்தது. அவளாகச் சொல்லக் கூடாது. யாராவது கேட்டால் பொய்யும் சொல்லத் தேவையில்லை என்று முடிவாயிற்று. எனக்குத்தான் வெற்றி என்று நினைத்தேன். காய்கறிகளிடம் எந்த நடுவர் கேள்வி கேட்டிருக்கிறார்?

மனைவி, "பட்டுப்பாவாடை பீரோல தூங்குது" என்று புலம்பிக்கொண்டே நல்ல கவுன் ஒன்றில் ஒட்டுப் போட்டாள். நான் மளிகைக் கடையில் உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, அது எந்த நாட்டுச் சாக்கு என்று இருபுறமும் திருப்பிப் படித்தேன். எகிப்து. நிம்மதி.

போட்டியன்று நடுவர் மேசையில் அரபி மொழி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். பாலஸ்தீனத்தில் பிறந்தவர் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதும் வெளியே போகும் கதவு எங்கே என்று பார்த்துக்கொண்டேன்.

மகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு மேடையில் முடங்கினாள். தலைக்கு மேலே பூட்ஸ் சத்தம், தம்பி சிணுங்குகிறான், யாரும் மூச்சுவிடக் கூடாது. எல்லாவற்றையும் ரகசியக் குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். ஓரத்தில் காத்திருந்த வெண்டைக்காயும் கத்திரிக்காயும் வாயைப் பிளந்து நின்றன. நானும் ஒரு நிமிடம் விசாவை மறந்தேன்.

கைதட்டல் ஓய்வதற்குள் அரபி ஆசிரியை மைக்கை எடுத்தார்.

"நீ யார் என்று சொல்லவே இல்லையே, ஹபீப்தி, செல்லமே?"

மகள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் குனிந்து முன் நாற்காலிக்கு அடியில் போய்விட்டேன்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"செருப்பு."

"கால்லதான இருக்கு."

மேலே மகளின் குரல் கேட்டது. "ஜூயிஷ் சைல்ட், மிஸ்."

என் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. ஊருக்கு அனுப்புவதென்றாலும் முதலில் அதை அவர்கள் தேட வேண்டும், அதில் ஒரு நாள் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"தம்பி அழவில்லையா?" என்று ஆசிரியை கேட்டார்.

"அழுதான், மிஸ். அம்மா துணியில் சர்க்கரை முடிந்து வாயில் வைத்தாள்."

"என் தம்பிக்கு எங்கள் அம்மா பேரீச்சம்பழம் வைத்தார்." அதை மகளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. "எல்லோரும் பிழைத்தார்களா?"

"எல்லோரும், மிஸ்."

"அல்ஹம்துலில்லாஹ்."

அரங்கம் மறுபடி கைதட்டியது. நான் எழப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்து வந்த முட்டைக்கோஸ் தன் சத்துகளைச் சொன்னதைத் தரையிலிருந்தே கேட்டேன். பிறகு இடைவேளை விட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஒட்டுப் போட்ட கவுன் ஒன்று என் முகத்துக்கு நேரே வந்து நின்று குனிந்தது.

"அப்பா, வெளிய வாங்க."

"மிஸ் எங்க?"

"போயிட்டாங்க."

"கோவமாவா?"

"டீ குடிக்கப்பா," என்று சொல்லிக் கையை நீட்டினாள்.