கடைசியில் வரும் கேள்வி

வேங்கிக்காலில் வாடகை வீட்டில் உட்கார்ந்து நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஜனங்கள் போனிடம் பேசித் தேடுவதைக் காதில் வாங்கி, சுருக்கி, நறுக்கென்று ஒரு வரியாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத் தேடல் செயலி தானே சுருக்கக் கற்றுக்கொள்ளுமாம். முதல் கேள்வியை வைத்துக்கொள், மற்றதை வெட்டு. இதுதான் கம்பெனிச் சட்டம்.

எங்கள் பக்கத்தில் யார் முதலில் விஷயத்தைச் சொல்கிறார்கள்? ஒரு வீட்டுக்குப் போனால் மழை, மாடு, பிள்ளையின் பரீட்சை எல்லாம் விசாரித்து, காபி குடித்து, செருப்பை மாட்டிய பிறகுதான் "அப்புறம் ஒண்ணு..." என்று ஆரம்பிப்பார்கள். வந்ததே அதற்குத்தான். எடுத்த எடுப்பில் கேட்டால் மரியாதை தெரியாதவர்கள் என்று பேர். போனிடமும் அப்படியேதான் பேசுகிறார்கள். அதனால் நான் கடைசி வரியை வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததை வெட்டினேன். தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள்.

"எங்க ஊர்ல முக்கியமானது கடைசியிலதான் சார் வரும்" என்று மேலாளரிடம் சொன்னேன்.

"உங்க ஊருக்குன்னு தனியா ஒண்ணு செய்ய முடியாதுங்க. சொன்னத மட்டும் செய்யுங்க" என்றார்.

செய்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்மா அடி அண்ணாமலையில் இருக்கிறாள். பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையோரம் மோர்க்கடை போடுகிறவள், சர்க்கரை வியாதிக்காரி. அவள் போனிலும் அதே செயலிதான். போன பௌர்ணமிக்கு முன்னால் அதனிடம் என்ன பேசினாள் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அப்படியே ஒப்பித்தாள்:

"கண்ணு, பௌர்ணமி எப்ப ஆரம்பிக்குது? கூட்டம் ஜாஸ்தி வருமா? மோருக்குச் சொல்லி வைக்கணும். அப்புறம் ஒண்ணு, கால் விரலு கறுத்துப்போச்சு, வலியே தெரில. இதோட கடையில நிக்கலாமா?"

செயலி பௌர்ணமி ஆரம்பிக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. காலைப் பற்றி ஒன்றும் சொல்லாததால் பயப்பட எதுவுமில்லை என்று அம்மா எடுத்துக்கொண்டாள். கூட்டம் வடியும்வரை நின்று மோர் ஊற்றியிருக்கிறாள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"என்னைக் கேக்கறதுக்கு என்னம்மா?" என்று கத்தினேன்.

"நீ வேலையில இருப்பியேன்னுதான்..."

ஆமாம், அந்த வேலையில்தான் இருந்தேன்.

அம்மாவுக்கோ செயலியின் மேல் கோபமே இல்லை. "நான்தான் வளவளன்னு பேசிட்டேன். சுருக்கமா கேட்டிருக்கணும்" என்கிறாள். இப்போது எனக்குப் போன் செய்தாலும் அப்படித்தான். மழை இல்லை, மாடு இல்லை, பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை.

"கால் பரவால்ல. வச்சிடறேன்."

"அப்புறம்?" என்கிறேன். அதற்குள் வைத்துவிடுகிறாள்.