ஒழுகாத பீப்பாய்

கொட்டாஞ்சேனைக் கூட்டுறவுச் சங்கக் கடையில் எண்ணெய் அளந்த பலீல் நானாவைக் கள்ளன் என்றவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. கடைக்கு நேர் எதிரே தையல் மெஷின் போட்டிருந்தவன் நான். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். கூப்பனுக்குத்தான் சாமான். பலீல் நானா கடைசிச் சொட்டு வடியும்வரை புனலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "போதும் நானா, விடுங்க" என்று வரிசையில் நிற்கும் பெண்கள் கத்துவார்கள். அப்படியொரு பொல்லாத நேர்மை. சில நாள் எனக்கே எரிச்சல் வரும்.

திடீரென்று ஒரு கட்டளை வந்தது. தேங்காயெண்ணெயை இனிப் போத்தலால் அளக்கக் கூடாது, தராசில் நிறுத்துத்தான் விற்க வேண்டும். ஆனால் ஆலையிலிருந்து பீப்பாய் பழையபடி போத்தல் கணக்கிலேயே வந்தது. ஒரு போத்தல் எண்ணெய் எத்தனை இறாத்தல் என்று யாராவது தீர்மானிக்க வேண்டுமே! மேற்பார்வையாளர் வரதராசா தீர்மானித்தார். தட்டுப்பாடான நேரத்தில் எண்ணெயை ஏன் வீணாக்க வேண்டும் என்று, குழாயடியில் ஒரு போத்தலில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தார். வெறும் போத்தலின் பாரத்தைக் கழித்து, ஒரு இறாத்தல் பத்து அவுன்ஸ் என்று எழுதி, எல்லாச் சங்கக் கடைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிட்டார். படித்த மனிதர்!

அறுபது போத்தல் பீப்பாய் விற்று முடிந்தபோது, அந்தக் கணக்குப்படி ஏழரை இறாத்தல் குறைந்தது. வரதராசா நேரில் வந்தார்.

"ஏழரை இறாத்தல் எங்கை போனது, பலீல்?"

"எங்கயும் போகல்ல ஐயா. எண்ணெ தண்ணிய விட லேசு. பாருங்க."

பலீல் நானா ஒரு கிளாஸ் தண்ணீரில் எண்ணெய் விட்டார். அது மேலே மிதந்தது. பிறகு ஒரு போத்தல் எண்ணெயை நிறுத்துக் காட்டினார். போத்தலின் பாரம் போக ஒன்றரை இறாத்தல்தான். இறாத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ்; ஆக, போத்தலுக்கு இரண்டு அவுன்ஸ் வித்தியாசம். அறுபதுக்கு ஏழரை இறாத்தல் சரியாக வந்தது.

வரதராசாவின் முகம் கறுத்தது. "ஓம், நீர் சொல்லுறது சரிதான். ஆனா சுற்றறிக்கையிலை என்ரை கையெழுத்துக் கிடக்கு. பீப்பாய் ஒழுகிப்போச்சு எண்டு எழுதித் தாரும். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

"பீப்பா ஒழுகல்லயே ஐயா."

"அப்ப களவு எண்டுதான் நான் எழுதவேணும். வேலையும் போகும்."

"எழுதுங்க."

நான் கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். "எழுதிக் குடுத்துத் தொலைங்க நானா! ருக்கியா ராத்தாவும் பிள்ளைகளும் என்னத்தைத் தின்பாங்க?" என்று கத்தினேன்.

"பீப்பாக்கு அடியில தடவிப் பாருங்க, காஞ்சுதான் கெடக்கு" என்றார் அந்த மனிதர். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேலை போயிற்று. புனலைப் பார்த்துக் கத்திய அதே பெண்கள், "எண்ணெய்க் கள்ளன்" என்று அவர் மனைவி ருக்கியாவின் காதுபடவே பேசினார்கள். பலீல் நானா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, வரதராசாவின் கந்தோர்ப் பியூன் காற்சட்டை தைக்க என்னிடம் வந்தான். மற்றக் கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களையெல்லாம் அவன்தான் கோப்பில் கட்டி வைத்தானாம். அந்த மாதம் கொழும்பில், பலீல் நானாவின் பீப்பாயைத் தவிர எல்லாப் பீப்பாய்களும் ஒழுகியிருந்தன.