மிஷ்டிக்கு ஒரு நீல ஃபியூஸ்

போன சனிக்கிழமை ஒரு ஃபியூஸ் வாங்கினேன். நகத்தைவிடச் சற்றுப் பெரியது. நீல நிறம். வாங்கிய சந்தோஷத்தில் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கமிருந்து வீடு வரை நடந்தே வந்துவிட்டேன். ஆட்டோ என்று ஒன்று இருப்பதே நினைவில்லை... நம்புவீர்களா?

மனைவி சுமதிக்கு துர்காபூருக்கு மாற்றல். சாமான்கள் லாரியில் போய்விட்டன. மிச்சம் நாங்கள் மூவரும், காரும், மிஷ்டியும். மிஷ்டி என்பது மகள் யாழினியின் தங்கமீன். உள்ளங்கை நீளம். இவ்வளவு பெரிய மீனுக்கு வழியெல்லாம் தண்ணீருக்குள் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று மீன் தொட்டிக் கடையில் சொல்லிவிட்டார்கள். ஒரு குட்டி பம்ப்பும் தந்தார்கள். காரில் போன் சார்ஜ் செய்யும் வட்டக் குழி சாக்கெட்டில் செருகினால் ஓடும்.

செருகினோம். ஓடவில்லை. போனைச் செருகினால் அதுவும் சார்ஜ் ஆகவில்லை; ஃபியூஸ் போயிருக்க வேண்டும். மறுநாள் காலை கிளம்ப வேண்டும்.

"மிஷ்டி வரலைன்னா நானும் வரல" என்றாள் யாழினி.

"கீழ் வீட்டு காகிமாகிட்ட விட்டுட்டுப் போலாம்டி. நல்லா பாத்துக்குவாங்க" என்றாள் சுமதி. கீழ் வீட்டு பெங்காலி அம்மாவை நாங்கள் காகிமா, அதாவது சித்தி, என்போம்.

"பாத்துக்குவாங்க. அவங்க பூனையும் பாத்துக்கும்."

சுமதி பம்ப்பை என் கையில் கொடுத்தாள்.

எது கெட்டாலும் 'எப்போதிலிருந்து?' என்று கேட்பது என் வியாதி, உங்களுக்குத் தெரியும். மகாளயத்தன்று அதே சாக்கெட்டில் போன் சார்ஜ் ஆனது. பிறகு துர்கா பூஜைக் கூட்டத்துக்குப் பயந்து காரை வெளியே எடுக்கவே இல்லை. நவமியன்று ஆயுத பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கியதோடு சரி. சும்மா நின்ற காரில் ஃபியூஸ் எப்படிப் போகும்? அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

காரோடு வந்த புத்தகம் பதினைந்து ஆம்பியர் என்றது. பதினைந்து என்றால் நீலம். இவ்வளவு படித்துவிட்டுத்தான் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடி மேஜையில் மூன்று நீலங்களை வைத்தார் — பெரியது, நடுத்தரம், சிறியது.

"இதில் எது, தாதா?" என்றார். இங்கே தாதா என்றால் அண்ணன்.

பழைய ஃபியூஸ் காரிலேயே இருந்தது. அதைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை!

வீட்டுக்கு ஓடி, கழற்றிக் கொண்டுவந்தேன். உள்ளே மெல்லிய கம்பி அறுந்திருந்தது. அதைப் பார்த்து அவ்வளவு மகிழ்ச்சி. குற்றவாளி பிடிபட்டான் அல்லவா? நடுத்தரம்தான் பொருந்தியது. ஆனால் மேஜையில் இருந்த அந்த ஒன்றின் கால் வளைந்திருந்தது.

"மஞ்சள் போடுங்க. இருபது ஆம்பியர். இன்னும் நல்லா தாங்கும்."

"வேண்டாம். ஃபியூஸ் தாங்கினால் ஒயர் எரியும்."

"இவ்வளவு யோசனை எதற்கு? எதை ஓட்டப்போறீங்க?"

"மீனுக்குக் காற்று."

அவர் நிமிர்ந்தார். "மீனா? என்ன மீன்?"

"தங்கமீன்."

"அதைச் சாப்பிட முடியாதே, தாதா."

"நாங்கள் எந்த மீனும் சாப்பிடுவதில்லை."

என்னை ஆழ்ந்த இரக்கத்தோடு பார்த்தார். பிறகு டிராயரையே கவிழ்த்துக் கொட்டித் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். பம்ப் மூச்சு விடவில்லை. கழற்றிப் பார்த்தால் — புதிய ஃபியூஸும் காலி.

யாழினி டார்ச்சை எடுத்து சாக்கெட்டுக்குள் அடித்தாள். "அப்பா, உள்ள ஏதோ மின்னுது."

சாவியை எடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் நெம்பினேன். கசங்கிய அலுமினிய ஃபாயில் உருண்டை ஒன்று வந்தது. நடுவில் முறிந்த மூங்கில் குச்சி. கூடவே சாம்பல்... இன்னும் மல்லிகை வாசனை.

அகர்பத்தி!

இருவரும் சுமதியைப் பார்த்தோம்.

"ஆயுத பூஜையன்னிக்கு, சாம்பல் டேஷ்போர்டுல விழக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? குச்சி நிக்காம ஆடுச்சு. ஃபாயிலைச் சுத்திச் சொருகினேன். எவ்ளோ பொருத்தமா நின்னுச்சு தெரியுமா?"

கோபம் வரவில்லை. காரில் அகர்பத்தி குத்த அதைவிட நல்ல ஓட்டை ஏது? பாவம் அந்த ஃபியூஸ் — ஃபாயில் ஷார்ட் ஆனதும் ஒயரைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுத்திருக்கிறது. நாம் செத்ததை மாற்றுகிறோம். ஏன் செத்தது என்று கேட்பதில்லை. மாற்றியதும் போய்விட்டால், கடைக்காரர் மேல் சந்தேகப்படுகிறோம்.

மூன்றாம் முறை கடைக்குப் போனேன்.

"மீன் ஃபியூஸையும் சாப்பிடுதா, தாதா?" என்றார். நல்லவேளை, கொட்டியதில் இன்னொன்று கிடைத்தது. நான் நடந்தே வீட்டுக்கு வந்தது அதோடுதான்.

மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். மிஷ்டி இருந்த பக்கெட்டில் குமிழ்கள் பொங்கின. யாழினி பெங்காலியில் மிஷ்டியிடம் என்னவோ சொன்னாள். மீன் ஒரு சுற்றுச் சுற்றியது.

துர்காபூரில் மிஷ்டி நலம். புது வீட்டில் சுமதி முதல் அகர்பத்தியை ஏற்றினாள் — வாழைப்பழத்தில் குத்தி.