துவக்கு லைசன்ஸும் ரீற்றாவின் கையெழுத்தும்

1. மூலை மேசை

கியூபெக்கின் லவால் நகரில் வேட்டை, மீன்பிடிச் சாமான் விற்கும் கடையொன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது வயது ஐம்பத்து ஒன்பது. அதற்கு முன் பதினேழு வருடம் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் கப்பல் சரக்குக்கான கடதாசி அலுவல் பார்த்தேன். அதை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்து சுவரைப் பார்த்தேன். துவக்குக்கும், அதுதான் துப்பாக்கிக்கும், எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் முதலாளி ரெஜானுக்குத் தேவைப்பட்டது வேட்டைக்காரன் அல்ல, கடதாசி தெரிந்த ஆள்.

தனியாள் தனியாளுக்குத் துவக்கு விற்பது இங்கே சட்டப்படி நடக்கிற காரியம். ஒருவர் இணையத்தில் விளம்பரம் போடுவார், இன்னொருவர் வாங்க வருவார். முன்பெல்லாம் கோப்பிக் கடை வாசலில், கார்களுக்கு நடுவில் கைமாறிவிடுமாம். பிறகு சட்டம் இறுகியது. வாங்குபவரின் லைசன்ஸ் செல்லுபடியாகிறதா என்று விற்பவர் அரச பதிவகத்தில் கேட்டு, ஒரு குறிப்பிலக்கம் எடுக்கவேண்டும். அது வரும்வரை துவக்கைக் கொடுக்கக் கூடாது. கியூபெக்கில் அதற்கு மேல் மாகாணப் பதிவும் உண்டு. கைத்துப்பாக்கி என்றால் பேச்சே கிடையாது, அதைத் தனியாளுக்கு விற்பது நின்றுபோய்விட்டது.

இதெல்லாம் வயதான வேட்டைக்காரர்களுக்குத் தலையிடி. அதனால் ரெஜான் கடையின் மூலையில் ஒரு மேசை போட்டு, சிறு கட்டணம் வாங்கி, இந்த அலுவலைச் செய்துகொடுத்தார். விற்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம், நடுவில் நான். லைசன்ஸில் இருக்கும் முகமும் எதிரில் இருக்கும் முகமும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் முதல் வேலை.

முதல் நாளே ஒரு கிழவர் தன் மான் துவக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். என்னை அறியாமல் கதிரையோடு பின்னுக்குப் போய்விட்டேன். ரெஜான் தானே வந்து அதைத் தூக்கி, உலோகத்தில் பொறித்திருந்த இலக்கத்தை வாசித்தார். கிழவர் போனபிறகு என்னிடம் சொன்னார். அவர் பேசியது பிரெஞ்சு, நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"நீ லைசன்ஸ் எடுக்கவேணும். லைசன்ஸ் இல்லாமல் இதைக் கையால தொடவிடமாட்டன். வேட்டைக் காலம் தொடங்கேக்க இந்த மேசைக்கு முழு ஆள் வேணும். இல்லாட்டி வேற ஆளைப் பார்க்கவேண்டி வரும்."

அப்போது சித்திரை மாதம். வேட்டை தொடங்க ஐந்து மாதம் இருந்தது.

2. பென்சில் புள்ளடி

லைசன்ஸுக்கு முதலில் பாதுகாப்புப் பயிற்சி. ஒரு சனிக்கிழமை முழுவதும் போய், சுடமுடியாதபடி செய்த துவக்குகளைப் பிடித்துப் பழகி, பரீட்சையும் பாஸ் பண்ணினேன். வீட்டில் என் மனைவி ரீற்றாவிடம், வேலையிடத்துப் பாதுகாப்பு வகுப்பு என்றேன். முழுப் பொய் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது விண்ணப்பப் படிவம். அதில், விண்ணப்பிப்பவரோடு வாழும் துணை கையெழுத்து வைக்க ஓர் இடம் உண்டு. துணை வைக்காவிட்டாலும் விண்ணப்பம் போகும், ஆனால் லைசன்ஸ் அலுவலகம் துணைக்கு அறிவிக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

எங்கள் வீட்டில் கையெழுத்து எப்படி நடக்கும் என்று சொல்லவேண்டும். பிரெஞ்சுப் படிவம் எது வந்தாலும் நான் நிரப்புவேன். ரீற்றா கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி, போட்டு மேசையில் வைப்பேன். அவள் கறி கிளறிக்கொண்டிருந்தால் கையைத் துடைத்துவிட்டு வந்து புள்ளடிக்கு மேல் எழுதிவிட்டுப் போவாள். எங்களுக்குத் தெரிந்த பல குடும்பங்களில் இப்படித்தான். அதை நாங்கள் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டோம்.

அன்று வாடகை வீட்டுப் புதுப்பிப்புப் படிவமும் வந்திருந்தது. அதற்கு அடியில் இதை வைத்தேன். இரண்டிலும் புள்ளடி. இரண்டிலும் கையெழுத்து வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஏன் மறைத்தேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்பில் ரீற்றாவுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, அவளுடைய அண்ணன் யாரோ கூட்டாளி கொடுத்தான் என்று சாக்கில் சுற்றிய ஒரு துவக்கை வாங்கி வந்து நெல்மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தான். தாய்க்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. இராணுவத் தேடுதல் நடந்த அன்று அது வெளியே வந்தது. அண்ணனைக் கூட்டிப்போனார்கள். அவன் திரும்பவில்லை. கல்யாணம் முடித்த வருடம் இதை ஒரு தடவை சொன்னாள், அதற்குப் பிறகு சொல்லவில்லை.

கடையில் மீன்பிடிச் சாமான் பிரிவு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

3. தொலைபேசி

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை. எனக்கு விடுமுறை, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ரீற்றாவின் தொலைபேசி அடித்தது. அவள் அப்போது பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கி இரண்டு வருடம். பேசிப் பழகவேண்டும் என்று தெரியாத இலக்கம் வந்தாலும் எடுப்பாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

லைசன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண், குரல் இளசு. உங்கள் கணவர் துவக்கு லைசன்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறார், கையெழுத்து உங்களுடையதுதானா, இதுபற்றி உங்களுக்கு ஏதாவது பயம் உண்டா என்று மெதுவாகக் கேட்டாள். ரீற்றா என்னைப் பார்த்தாள். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை, வாயைத் திறக்கவும் வழியில்லை.

ரீற்றா பிரெஞ்சில் சொன்னது சரியான இலக்கணம். கையெழுத்து என்னுடையது, ஆனால் என்ன கடதாசி என்று எனக்குத் தெரியாது, என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் அடுத்து, உங்கள் கணவர் உங்களைப் பயமுறுத்துகிறவரா என்று கேட்டாள். ரீற்றாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இல்லை மேடம், அவர் கரப்பானுக்கே பயந்து கதிரையில் ஏறுகிற மனிதர் என்றாள். அப்படியென்றால் யோசியுங்கள், பத்து நாளில் திரும்ப அழைக்கிறேன் என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

ரீற்றா சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து இருந்தாள்.

"அண்ணனும் எங்களிட்டக் கேக்கல்ல. நீங்களும் கேக்கல்ல. ஊர்பேர் தெரியாத ஒரு வெள்ளக்காரப் புள்ள கேக்குது."

கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் அதே நேரத்தில் இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

4. இலாச்சி

அடுத்த நாள் வேலையால் வந்தபோது, கடதாசிகள் வைக்கும் அலுமாரி இலாச்சியை இழுத்துக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, இது என்ன என்று கேட்டாள். வாடகை ஒப்பந்தம் என்றேன். இது? ஆயுள் காப்புறுதி. இது? நான் செத்தால் உனக்கு, நீ செத்தால் எனக்கு. இது? மகளின் கார் கடனுக்கு நாங்கள் பிணை. அவள் ஒவ்வொன்றையும் தன் அகராதியை வைத்து விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். சிலதில் பென்சில் புள்ளடி இன்னும் அழியாமல் இருந்தது.

ஐந்து நாள் இப்படி நடந்தது. கோபமில்லாமல் கேட்டாள், சாப்பாடும் போட்டாள். எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை. ஐந்தாம் நாள், கடையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். மூலை மேசை, கிழவர், ரெஜான் கொடுத்த காலக்கெடு, ஏழு மாதம் சும்மா இருந்தபோது எனக்குள் இருந்தது, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மீன்பிடிப் பிரிவு என்று சொன்னதைப் பற்றி மட்டும், "அதையாவது உண்மையாச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

5. கேட்டது

பத்தாம் நாள் அதே பெண் அழைத்தாள். காலை பதினொரு மணி, நான் ரெஜானிடம் அரை நாள் லீவு கேட்டு வீட்டில் நின்றேன். ரீற்றா அவளிடம் ஒரு கேள்வி கேட்டாள். கடையில் மட்டும் தொடலாம், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு லைசன்ஸ் இருக்கிறதா? அந்தப் பெண் இல்லை என்றாள். லைசன்ஸ் ஆளுக்குத்தான், வீட்டில் வைப்பதும் வைக்காததும் அவர் விருப்பம். நீங்கள் மறுத்தால் அதை எழுதிக்கொள்வேன், உங்கள் கணவரால் ஆபத்து இல்லையென்றால் லைசன்ஸ் கிடைக்கவும் கூடும், முடிவெடுப்பது நாங்கள் என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

அதாவது ரீற்றா என்ன சொன்னாலும் எனக்கு லைசன்ஸ் வரலாம். அது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவள் தொலைபேசியைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இருபத்தாறு வருடத்தில் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன், அறிவித்திருக்கிறேன், புள்ளடி போட்டுக் கொடுத்திருக்கிறேன். கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

"ரீற்றா, வேலைக்காக நான் துவக்கு லைசன்ஸ் எடுக்கட்டுமா? உனக்குச் சம்மதமா?"

அவள் நன்றாக யோசித்தாள். தொலைபேசியில் அந்தப் பெண் மூச்சுவிடுவது கேட்டது.

"வேணாங்க," என்றாள். "என்னால ஏலா. மன்னிச்சுக்கங்க."

நேர்மையாகச் சொன்னால், கேட்டுவிட்டால் ஓம் என்பாள் என்றுதான் எண்ணியிருந்தேன். அவளுக்குக் கேட்காததுதான் குறை, கேட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான் கதிரையில் இருந்தபடியே குனிந்து தொலைபேசிக்குச் சொன்னேன், விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கிறேன் என்று. அந்தப் பெண் எழுத்தில் அனுப்பச் சொன்னாள். எங்கள் இருவருக்கும் நல்ல நாளாகட்டும் என்று சொல்லி வைத்தாள். ரீற்றா என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

6. புழுப் பெட்டி

ரெஜான் நல்ல மனிதர், ஆனால் கடை நடத்துகிற மனிதர். காரணத்தைக் கேட்டார், சொன்னேன். தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். புரட்டாதியில் மெலனி என்றொரு வேட்டைக்காரப் பெண்ணை அந்த மேசைக்கு எடுத்தார். அவள் துவக்கைப் பிடித்து இலக்கம் வாசிப்பாள், நான் பக்கத்தில் இருந்து கணினியில் அடிப்பேன், அதுவும் கிழமையில் இரண்டு நாள். மற்ற நாட்களில் உண்மையாகவே மீன்பிடிப் பிரிவு. தூண்டில் புழுக்களை டசின் டசினாக எண்ணிப் பெட்டியில் போடுவது. கரப்பானுக்குப் பயந்தவனுக்குக் கடவுள் கொடுத்த வேலை. சம்பளமும் குறைந்தது.

அப்படி மூன்று வேட்டைக் காலம் பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு எடுத்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளம் ஆட்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். லைசன்ஸில் உள்ள முகத்தை இரண்டு தரம் பாருங்கள். குறிப்பிலக்கம் வராமல், அவசரம் என்று யார் சொன்னாலும் துவக்கைக் கைமாற விடாதீர்கள். வீட்டில் கேட்கவேண்டியதை வீட்டில் கேளுங்கள். கேட்கும்போது இல்லை என்ற மறுமொழிக்கும் இடம் விட்டுக் கேளுங்கள். அந்த இடம் இல்லாவிட்டால் நீங்கள் கேட்கவில்லை, அறிவிக்கிறீர்கள்.

ஓய்வெடுத்த கிழமை ரீற்றா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். நான் வேணாம் என்று சொன்னதுக்கு உங்களுக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டாள். ஒரு வருடம் இருந்தது என்றேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

"தெரியும்," என்றாள். "முகத்த நீட்டிக்கொண்டுதான் திரிஞ்சீங்க. ஆனா அந்த வருசம் முழுக்க, எல்லாத்தையும் என்னட்டக் கேட்டுத்தான் செஞ்சீங்க. கோபத்தோடயும் கேட்டீங்க."