பிணத்துக்கு யார் பேரை வைப்பது?

பேசாத படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி பாழாய்ப்போன பிழைப்பு உலகத்தில் கிடையாது. ஊர் ஊராகப் போகிற கூடாரக் கொட்டகையில், திரையோரம் பெஞ்சுமேல் ஏறி நின்று, "இன்னா வாறாரு, இன்னா விழப்போறாரு" என்று திரையைக் காட்டித் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஊராரைச் சிரிக்கவைத்துச் சோறு தின்கிறவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

அந்த வருஷம் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சிரிப்புப் படம். கஞ்சப் பணக்காரர் ஒருவர் செத்துப்போவார். சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே பெட்டிச் சாவியைத் தேடுவார்கள். கடைசியில் பிணம் எழும்பி உட்காரும். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். நம் ஜனங்களுக்கு ஒட்ட வேண்டுமே என்று நான்தான் நம்மூர்ப் பேர்களை வைப்பேன். வினை அங்கேதான்.

கோட்டாற்றில்

செத்தவருக்கு மீரான் சாயிபு என்று பேர் வைத்தேன். கொட்டகையே குலுங்கியது, ஒரு மூலையைத் தவிர. படம் விட்டதும் அந்த மூலையிலிருந்து ஜவுளிக்கடை சாயிபு ஒருவர் நேரே என்னிடம் வந்தார்.

"ஏன்வே, கஞ்சனாச் சாவதுக்கு எங்க ஆளுதான் கெடச்சானா? குதிரையில வாற ராஜகுமாரனுக்கு ஒருநாளாவது எங்க பேர வச்சிருக்கீராவே?"

மறுநாளும் அங்கேயே

பேரை மாற்றினேன். பிள்ளை சாதிப் பண்ணையார் ஒருவர் செத்தார். நாற்காலியில் இருந்த நிஜப் பிள்ளை ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னாலேயே அந்த வரிசை முழுக்க எழுந்து போய்விட்டது. வீட்டில் என் பெண்டாட்டி பிள்ளைத்தாச்சி. கொட்டகை முதலாளி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"இன்னொருக்க எவனாவது எழும்பிப் போனாம்னா, நீயும் அவங்கூடவே போயிருடே!"

குழித்துறையில்

வம்பே வேண்டாம் என்று யாருக்கும் பேர் வைக்கவில்லை. "ஒருத்தர் செத்தார், இன்னொருத்தர் அழுதார்" என்றேன். ஈ காக்கா சிரிக்கவில்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றி நின்றேன். முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த தேங்காய் வியாபாரி கொட்டாவி விட்டார்.

"யாரு எவருன்னு தெரியாத பொணத்தப் பாத்து நாங்க எதுக்குவே சிரிக்கணும்?"

கன்னியாகுமரியில்

கூட்டமெல்லாம் கடற்புறத்து ஆட்கள். இவர்களில் ஒருவர் பேரைக்கூட நான் எந்தப் படத்திலும் சொன்னதில்லை. அன்றும் பேர் எதுவும் வைக்காமல்தான் ஆரம்பித்தேன். படச்சுருள் மாற்றுகிற நேரத்தில், பெண்கள் பக்கமிருந்து மீன் விற்கிற அம்மா ஒருத்தி பெஞ்சருகே வந்தாள்.

"அண்ணே, என்னக் கெட்டுன மாப்பிள சூசை கடலுக்குப் போனவரு, திரும்பல. பொணமும் கெடைக்கல. ஒம்ம படத்துல பொணம் எழும்புதுன்னு கோட்டாத்துச் சந்தையில சொன்னாவ. அதுக்கு அவரு பேர வையும்."

வாசலில் முதலாளி முறைத்துக்கொண்டு நின்றார். இங்கே ஒரு ஆள் எழும்பினாலும் என் சோற்றில் மண். போனால் போகட்டும் என்று, "செத்தது நம்ம சூசை!" என்று கத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் எழும்பவுமில்லை. பிணம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "இன்னா, சூசை எழும்பிட்டாரு!" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் அவள் போகவில்லை.

"அண்ணே, இன்னொருக்க எழும்பச் சொல்லும்."

பிறகு படங்களே பேச ஆரம்பித்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. ஆனால் யார் பேரைச் சொல்லட்டும் என்று அதுகள் எவரையும் கேட்டதாக இன்றுவரை நான் கேள்விப்படவில்லை.