முடியாத விளையாட்டுக்கு முழு விலை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்குச் சோதனை வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பேன். அதற்குச் சம்பளம் தருகிறார்கள். போன வருடம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே வேலையைச் செய்தேன். என்ன, அதற்கு நான் பணம் கட்டினேன்.

அது ஒரு மீன்பிடிப் படகு வீடியோ கேம். எங்கோ ஒரு குளிர்நாட்டில் நாலைந்து பேர் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் முடியவில்லை, இப்போதே வாங்கி ஆடிப் பார்த்துக் குறைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறார்களே என்று முழு விலையையும் கட்டினேன்.

கல்லூரிக் காலத்திலிருந்து என்னோடு கேம் ஆடும் நண்பன் பூந்தமல்லியில் இருக்கிறான். கல்யாணங்களுக்கு பிரியாணி போடுவது அவர்கள் குடும்பத் தொழில். அவனையும் வாங்கச் சொன்னேன். சின்னக் குழு, நம்மைப் போன்றவர்கள் கைகொடுக்காவிட்டால் இப்படிப்பட்ட விளையாட்டுகளே வராது என்று நீளமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"இன்னா மச்சான், நான் அரை வேக்காட்ல பிரியாணி தேக்சாவ எறக்கிட்டு, துன்னு பாத்து கொற சொல்லு, ஆனா ஃபுல் துட்டையும் இப்பவே குடுத்துடுன்னா, குடுப்பியா?"

விளையாட்டும் பிரியாணியும் ஒன்றல்ல என்றேன்.

முதல் வாரமே என் படகு துறைமுகத்தை விட்டதும் கடலுக்குள் இறங்கி, அடித்தரையில் சாவகாசமாக ஓடியது. மீன்கள் வானத்தில் நீந்தின. எனக்கோ ஒரே குஷி. ஒவ்வொன்றையும் படம்பிடித்து, என்ன செய்தால் அந்தப் பிழை மறுபடி வருகிறது என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். அந்த மாதம்தான் அலுவலகத்தில் மேலாளர் கூப்பிட்டு, என் அறிக்கைகள் இரண்டு வரியைத் தாண்டுவதில்லை என்று வருத்தப்பட்டார்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஆபீஸ்ல இதுக்குத்தானே காசு தர்றாங்க?"

ஆமாம் என்றேன்.

"இவங்க?"

என் படகோட்டிக்கு அவர்கள் பரிசாகத் தந்த தங்க நிறத் தொப்பியைத் திரையில் காட்டினேன். நல்லா இருக்கு என்றாள். அடுத்த சட்டையை மடிக்க எடுத்தாள்.

ஒருவழியாக விளையாட்டு முழுமையாக வெளியானது. சில வாரங்களில் விலையைக் குறைத்தார்கள். நண்பன் அப்போதுதான் வாங்கினான். அவன் படகு மிதந்தது. கடலில் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று போனில் சொன்னான். நானும் திறந்து பார்த்தேன். மழை பெய்தது, மீன்கள் தண்ணீரில் இருந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் சீக்கிரமே அலுத்துவிட்டது.

கடைசிவரை ஆடி முடித்தவன் அவன்தான். முடிவில், உதவியவர்களின் பெயர்கள் ஓடுகின்றனவாம்.

"உன் பேரும் வருது மச்சான். ஒரு எழுத்துதான் தப்பா கீது."

அன்றே அதையும் பிழையாக எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: மிக்க நன்றி, ஆட்டத்தைப் பாதிக்காத சிறு குறை என்பதால் இப்போதைக்குத் திருத்தும் எண்ணமில்லை. கீழேயே, அடுத்த விளையாட்டைத் தொடங்கிவிட்டதாகவும் முன்கூட்டியே வாங்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று நண்பனிடம் சொல்லியிருக்கிறேன். பணம் கட்டியாகிவிட்டது.