அழுக்காகக் கூடாத பைகள்

அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மளிகைக்கடைக்காரர், மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் நச்சரிப்பு தாங்காமல்தான் பிளாஸ்டிக் பையை நிறுத்தினார். ஒரு மாதம் பார்ப்பேன், வியாபாரம் படுத்தால் பழையபடி பையைத் தொங்கவிடுவேன் என்றும் சொல்லிவைத்தார். அவள் உடனே வெட்டுத்துணிகளைச் சேர்த்து, ஓரத்தில் பூவேலை செய்து, வீட்டுக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தாள். எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். கடைக்கு மட்டும் வெறுங்கையோடு வந்தார்கள். பை கிடையாது என்றதும் அடுத்த தெருக் கடைக்கு நடையைக் கட்டினார்கள்.

"நாளையோட மாசம் முடியுதும்மா," என்றார் கடைக்காரர்.

அவள் விறுவிறுவென்று மாடியேறி எதிர்வீட்டு அத்தையைப் பிடித்தாள்.

"அத்தை, நான் குடுத்த பை எங்க?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. அதுல உருளைக்கிழங்கைப் போட்டு அழுக்காக்க யாருக்கும்மா மனசு வரும்?"

"உருளைக்கிழங்கு போடத்தானே தச்சேன்?"

"ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போவேன்ல."

மற்ற வீடுகளிலும் இதே கதைதான். வீட்டுக்கு வந்தவள், கிழிசலென்று ஒதுக்கிய ஜன்னல் திரைகளை இழுத்துப் போட்டாள். இத்தனை வருஷத் தொழிலில் அவள் கை அறியாத கோணல் தையலாகப் போட்டுப் பைகளாக்கி, வீடுவீடாக வீசிவிட்டு வந்தாள்.

மறுநாள் கடையில் கூட்டம். எல்லார் கையிலும் திரைப்பை. கடைக்காரர், இனி பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அத்தை அவள் காதருகே குனிந்தாள். "இந்தக் கோணல் பையை யாரு தச்சதுன்னு அடுத்த தெருக்காரங்க கேட்டாங்க. கவலைப்படாதே, உன் பேரை நான் சொல்லலை."